வண்டு எண்ணும் பாடமும் என் மஞ்சள் துணியும்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. அதனால் எங்கள் ஊர் புலாவ் செபாங்கில், சாப்பாட்டுக் கடையில் ‘மகள் யூனிவர்சிட்டியில் உயிரியல் படிக்கிறாள்’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்பதற்குள் டீயை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

முதல் வருடம் உலகத்தில் உள்ள உயிரையெல்லாம் படித்தாள். அடுத்த வருடம் மரபணு. அப்பன் மூக்கு பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கடைசி வருடம் சூழலியல் களப்பாடம். அதில் அவளுக்கு ஒரே ஒரு வண்டுதான், அரிசியை விடச் சின்னது. படிக்கப் படிக்கப் பாடம் சின்னதாகிக்கொண்டே போகிறது. நான் ஆறாம் வகுப்பிலேயே நின்றுவிட்டதால்தான் எனக்கு எல்லாமே இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அந்த வண்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைப் பெண் பூவுக்குச் சுமக்கிறதாம். வண்டு இல்லாவிட்டால் குலை காய்க்காது. குலை இல்லாவிட்டால் எனக்குச் சோறு இல்லை, ஏனென்றால் தோட்டத்திலிருந்து மில்லுக்குக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகிறவன் நான். இது தெரியாமல் இத்தனை வருடம் அந்த வண்டுகளைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

“ரோட்டோர மரத்துப் பூவுல லோரிப் புழுதி படியுது பா. அதனால வண்டு வர்றது கொறையுதான்னு பார்க்கணும். உள்ள இருக்கற மரத்துலயும் எண்ணி ஒப்பிடணும்.”

“அப்போ குத்தவாளி நானா?”

“அதைத்தான் பா கண்டுபிடிக்கப் போறேன்.”

தோட்ட மேனேஜர் அனுமதி கொடுத்துவிட்டார். மரங்களும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் இளம் மரங்கள்தான். ஆனால் ஆண் பூ விரிந்து சோம்பு வாசனை அடிப்பது சில நாள்தான். அதற்குள் எண்ண வேண்டும். செமஸ்டர் முடிவதற்குள் அறிக்கை போகாவிட்டால் அந்தப் பாடத்தை அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டும். இந்த நிலையில், குலை வெட்டும் இந்தோனேசியக்காரர் ஒருவர் மட்டையோடு சேர்த்து அவள் எண்ணத் தொடங்கியிருந்த பூவையும் வெட்டிப் போட்டுவிட்டார். அவள் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாடாவை அவர் குப்பை என்று நினைத்துவிட்டார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடப்பதில்லை என்பதால் யாரும் என்னைத் தடுக்கத் தயாராக இல்லை. அவள் குறித்து வைத்த ரோட்டோர மரங்களுக்கெல்லாம் மஞ்சள் துணி கட்டி, குங்குமமும் வைத்தேன். குலை வெட்டுகிறவர் தூரத்திலேயே நின்றுவிட்டார். “தாக்குட்லா, பாங்,” என்றார். பயமா இருக்குண்ணே என்கிறார். எனக்கு ஒரே குஷி.

மகள் மலாக்காவுக்கு வகுப்புக்குப் போய்விட்டு வாரக் கடைசியில் வந்தாள். பூ விரிந்திருந்த மரத்தடியில் ஒரு கல், எலுமிச்சம்பழம், அகல் விளக்கு. ஒரு சட்டியில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. பூவில் வண்டு ஒன்றுகூட இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் சாமியைப் பார்த்தேன்.

சட்டி வைத்தது தோட்டத்து வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் அக்கா. அவரிடம் போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

“துணி கட்டுனது நான்தான்கா. பூவ வெட்டிறக்கூடாதுன்னு கட்டுனேன். அங்க சாமியெல்லாம் இல்ல.”

“உங்களுக்கு என்னாண்ணே தெரியும்? அது உங்க கையால கட்ட வச்சிருக்கு. எம்மக எஸ்பிஎம் பரீட்சை எழுதறா, நான் வேண்டிக்கிட்டேன்.”

“எம்மக படிப்பு கெட்டுப் போவுதேக்கா.”

“அவளுக்குந்தான் கும்பிடறேன். சும்மா இருங்க லா.”

மகளிடம் திரும்பி வந்து, என் அறிவுக்கு எட்டியதைச் சொன்னேன். “போன வாரம் எண்ணுனதுல கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு எழுதிடும்மா. வண்டா வந்து சாட்சி சொல்லப் போவுது?”

“எண்ணாதத எழுத மாட்டேன் பா.”

“லெக்சரருக்குத் தெரியாதுமா.”

“எனக்குத் தெரியுமே.”

கத்தவில்லை, அழவில்லை. துணி கட்டிய மரங்களை எல்லாம் விட்டுவிட்டு ரோட்டோரமாக நடந்தாள். தோட்டத்தின் மறுகோடியில் விரியப்போகும் ஆண் பூக்களைத் தேடிப் பிடித்தாள். குலை வெட்டுகிறவரைக் கூப்பிட்டு, வாடிக்கொண்டிருந்த ஒரு பூவைத் தட்டி, உள்ளங்கையில் வண்டைக் காட்டி, மலாயில் விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு, மற்ற ஆட்களிடமும் தானே போய்ச் சொன்னார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. என் மனைவி மட்டும் கேட்டாள், தினமும்.

பூ விரிந்த அன்று காலையில் லோரியில் ஏறினேன். மகள் கதவருகே வந்தாள்.

“என்னப் பார்த்ததும் மெதுவாப் போயிறாதீங்க பா. எப்பவும் போல ஓட்டுங்க. புழுதி கொறைஞ்சா கணக்கு தப்பாயிரும்.”

“நீ அங்க நிப்பியேமா.”

“நிப்பேன். நீங்க ஓட்டுங்க.”

குலை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் திரும்பினேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பூவின் மேல் குனிந்து நின்றாள். என் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. அதற்கும் ஆறாம் வகுப்புப் படிப்புதான். திட்டி, அதை எடுத்து எண்ணெய் மிதியின் மேல் வைத்து அழுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் செம்மண் மேகம்தான் தெரிந்தது. அது கலைந்தபோது, தலையெல்லாம் சிவந்து, அதே இடத்தில் அதே குனிந்த முதுகோடு எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பூ வாடும்வரை அவள் நின்றாள், நானும் ஓட்டினேன். உள் மரங்களையும் எண்ணி முடித்தாள். அறிக்கை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புழுதி வண்டைக் கொஞ்சம் விரட்டத்தான் செய்கிறதாம், குற்றவாளி நான்தான்.

அவள் எண்ணத் தொடங்கிய முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தலைமுடியை உதறிக்கொண்டே, “இன்னிக்கு நல்ல புழுதி பா,” என்றாள். படிப்பு விஷயத்தில் நான் வாங்கிய ஒரே நல்ல மார்க் அதுதான்.