தூங்கும் நாயின் மூச்சை எண்ணுவது

கால்நடை மருத்துவர்களுக்கான தொடர்கல்விப் பயிற்சி எப்படி நடக்கும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் குறைவு. துறையில் இருந்த கடைசி வருடங்களில் அதை நடத்தியவனே நான்தான். முதலில் பேனருக்குச் சொல்ல வேண்டும். அதில் மேலதிகாரியின் பட்டங்களில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேர், அவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி, அந்த நேரம் பார்த்து மின்விசிறியை நிறுத்த ஓர் ஆள். வரவேற்புரை முடியும்போது பதினொன்றரை ஆகிவிடும். பேச வந்த பேராசிரியர் மிச்சமிருக்கும் இருபது நிமிடத்தில் நாற்பது ஸ்லைடுகளை ஓட்டுவார். சாப்பாட்டுக்குப் பிறகு, மாலைக்கான கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டு, தூரத்து ஊர்க்காரர்கள் பஸ் பிடிப்பார்கள். சான்றிதழ்களில் பெயர் எழுதும் வேலை மட்டும் முதல் நாளே முடிந்திருக்கும். யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். எந்தச் சமையல்காரரைக் கூப்பிடக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு, தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் வீட்டின் முன்னறையிலேயே நாய், பூனை பார்க்கிறேன். பேத்தமங்களா பக்கத்து மாட்டுக்காரர்கள் இன்னமும் கூப்பிடுகிறார்கள். என் முழங்கால்தான் போக விடுவதில்லை. போன வருடம் மருத்துவர் பதிவைப் புதுப்பிக்கப் போனபோது, அண்மையில் பயிற்சி பெற்றதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். நான் பிறருக்கு எழுதிக் கொடுத்த சான்றிதழ்கள் ஒரு பீரோ நிறைய இருக்கும். எனக்கென்று புதிதாக ஒன்றும் இல்லை. அதனால் நாய்களின் இருதய நோய் பற்றிய ஆறு வார ஆன்லைன் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். வாரம் நான்கு வீடியோ, ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்விகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரடி வகுப்பு. நடத்தியவர் பெங்களூரில் நாய்களின் இருதயம் மட்டுமே பார்க்கும் ஒரு பெண் மருத்துவர்.

வீடியோ ஓடும்போது நடுநடுவே ஒரு பெட்டி தோன்றி, தொடரலாமா என்று கேட்கும். நாம் தூங்கவில்லை என்று அதைத் தொட்டு நிரூபிக்க வேண்டும். நான் நடத்திய பயிற்சிகளில் இப்படி ஒன்று இருந்திருந்தால் ஒருவருக்கும் சான்றிதழ் கிடைத்திருக்காது. ஆனால் அதிலேயே வீடியோவை முன்னால் தள்ளிவிடும் வசதியும் இருந்தது. தெரிந்த விஷயம் வந்தால் தள்ளினேன். எனக்குத் தெரிந்த விஷயங்கள் நிறைய.

"பாடம் படிக்கிறீங்களா, படத்துல பாட்டு வந்தா தள்ற மாதிரி தள்றீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

மூன்றாவது வாரப் பாடம் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியது. இருதயம் பலவீனமான நாய்க்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அது திரும்பக் கோக்கிறதா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். நாய் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று வீட்டுக்காரர் எண்ணினால் போதும். முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. தாண்டிக்கொண்டே போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நாற்பது வருடத் தொழிலில் எனக்கு யாரும் சொல்லாத எளிய வழி. எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு வெள்ளை நாயை வைத்துக்கொண்டு அந்தப் பெங்களூர் மருத்துவர் விளக்க ஆரம்பித்ததுமே புரிந்துவிட்டதால், மீதியைத் தள்ளிவிட்டேன்.

அதே வாரம் ஒரு பழைய வைண்டர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை மேலிருந்து இயந்திரத்தால் ஓட்டுபவருக்கு வைண்டர் என்று பெயர். சுரங்கம் மூடும்வரை அந்த நாற்காலியில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அளந்து பேசுபவர். மகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். இடையில், சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அவரும் அந்தக் கிழட்டுப் பொமரேனியனும்தான். நாயைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி இருமிக்கினே இருக்கான் சார். எனக்கு வர வேண்டிய இருமலு, அவனுக்கு வந்துக்கீது."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே தெரிந்தது. இருதய வால்வு ஒழுகியது. மனிதர்களுக்கான எக்ஸ்ரே நிலையத்தில் சொல்லி வைத்து, கடைசி ஆள் போனபின் நாயைப் படுக்கவைத்துப் படம் எடுத்தோம். இருதயம் பெரிதாகி, நுரையீரலில் நீர் இருந்தது. இருதயத்துக்கு ஒரு மாத்திரையும், நீரைச் சிறுநீராக வெளியேற்ற ஒரு மாத்திரையும் கொடுத்தேன். நாலு நாளில் இருமல் நின்றது. அப்போதுதான் என் புதுக் கல்வியை எடுத்துவிட்டேன்.

"மத்தியானம் தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணி, தினம் எனக்கு போன் பண்ணுங்கண்ணா."

"ஒரு நிமிசம். சரி சார்." சட்டைப் பையிலிருந்து பட்டை அறுந்த கைக்கடிகாரத்தை எடுத்து, முள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு போன். "நாப்பத்தி நாலு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அடுத்த நாளும் நாற்பத்து நாலு. நீர் மாத்திரையை அதிகமாக்கினேன். இரண்டு நாள் கழித்து, "நாப்பத்தாறு." இன்னும் அதிகமாக்கினேன். வியாழக்கிழமை கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஈறு சிவப்பாக இருந்தது, நெஞ்சில் களகளப்பு இல்லை. நாயின் முகத்தைப் பார்த்தே பாதி நோயைச் சொல்வேன் என்று ஜம்பம் அடித்தவன் நான். அன்று அந்த முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பத்தாறு என்ற எண் கையில் இருந்ததால் முகத்தை நம்பவில்லை.

பாடத்தின் ஒரு பகுதியாக ஒவ்வொருவரும் தன் நோயாளி ஒன்றைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். நான் தம்பியை அனுப்பினேன். வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு என்ற கட்டத்தில், மிகச் சிறப்பு என்று எழுதினேன்.

சனிக்கிழமை போனில் முதல் முறையாக எண்ணுக்குப் பிறகும் அவர் பேசினார். "நாப்பத்தி ரெண்டு. சார், தம்பி இன்னிக்கித் தட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. தண்ணி குடிக்கிறான், எழுந்தா காலு பின்னுது."

நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். "வயசான இருதயம்ணா. மனசைக் கொஞ்சம் தயார் பண்ணிக்குங்க," என்றேன். இப்படிச் சொல்வதற்கும் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. குரலைத் தாழ்த்த வேண்டும், போனை முதலில் நாம் வைக்கக் கூடாது. நான் முறைப்படிதான் செய்தேன். அவர்தான் முதலில் வைத்தார்.

மறுநாள் நேரடி வகுப்பில் என் முறை வந்தது. கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசும் அந்த மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், இருமல் இல்லை, ஈறு நிறம் நன்றாக இருக்கிறது, நிம்மதியாகத் தூங்குகிறது. ஆனால் மூச்சு மட்டும் நாற்பதைத் தாண்டுகிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லையே. அவர் எண்ணுவதை நீங்கள் பார்த்தீர்களா?"

நெட்வொர்க் சரியில்லை, குரல் விட்டுவிட்டு வருகிறது என்றேன்.

"எனக்கு நன்றாகக் கேட்கிறது சார்," என்றார்.

மதியம் ஆட்டோ பிடித்து வைண்டரின் லைன் வீட்டுக்குப் போனேன். மகளுக்கு விடுமுறை, கதவைத் திறந்தவள் உள்ளே கை காட்டினாள். கட்டிலுக்கடியில் சாக்கின் மேல் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. வைண்டர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். வேண்டாம் என்று நானும் கீழே உட்கார்ந்தேன். அது என் முழங்காலுக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கு எண்ணிக் காட்டுங்கண்ணா."

கடிகாரத்தை எடுத்தார். நாயின் விலா மேலே எழும்பியது. "ஒண்ணு." கீழே இறங்கியது. "ரெண்டு." எழும்பியது. "மூணு."

நான் அவரைத் தடுக்கவில்லை. நிமிடம் முழுவதும் எண்ண விட்டேன். நாற்பத்து நாலில் முடிந்தது. நானும் கூடவே எண்ணியிருந்தேன். எனக்கு இருபத்திரண்டு. அந்த நாயின் மூச்சு எல்லா நாளும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"ஏறி எறங்கினா ஒரு மூச்சுண்ணா. ரெண்டும் சேர்ந்து ஒண்ணு."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். "அது எப்டி சார்? கீழ போறதும் ஒரு ட்ரிப்பு, மேல வர்றதும் ஒரு ட்ரிப்பு. கீழ எறக்கி உட்டுட்டு மேல ஏத்தலேன்னா உள்ள இருக்கிற ஆளு இன்னா ஆவான்? ரெண்டத்தையும் எண்ணித்தான் புஸ்தகத்துல எழுதுவோம்."

அவர் வேலையில் அது சரிதான். பிறகு, தானாகவே, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்போ நான்தான் தப்பா எண்ணி அவனைப் படுக்க வச்சிட்டனா?"

ஓய்வுக்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான நாலைந்து பதில்கள் எனக்குத் தெரிந்திருந்தன. எல்லாமே யாரையும் மாட்டிவிடாதவை.

"இல்லண்ணா. நீங்க எண்ணினது நான் சொல்லிக் கொடுத்த லட்சணத்துல. வீட்டுக்காரரை முன்னாடி வச்சு ஒரு தடவை எண்ணிக் காட்டச் சொல்லணும்னு பாடத்துல இருந்திருக்கும். நான் அந்த இடத்தைப் பாக்காம தள்ளிட்டேன். தேவையில்லாத மாத்திரை குடுத்தது நான். அதுல உடம்புத் தண்ணியெல்லாம் வத்திப்போச்சு."

அவர் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கீழருந்து பெல்லு அடிச்சா, அதே மாதிரி நாமளும் திருப்பி அடிச்சிக் காட்டணும் சார். காட்டாம வைண்டரு வண்டிய நகத்த மாட்டான். உங்க படிப்புல அதெல்லாம் இப்பத்தான் வந்துச்சா?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அங்கிருந்தே பெங்களூர் மருத்துவரை போனில் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று அவர் சலித்துக்கொள்ளவில்லை. நீர் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். இருதய மாத்திரை தொடர வேண்டும், குடிக்கத் தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும், காலையில் ரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். நரம்பில் சலைன் ஏற்ற அவசரப்பட வேண்டாம், இந்த இருதயம் தாங்காது. கடைசியில், "எனக்கும் ஒரு தடவை இதே ஆயிற்று சார். அந்த நாய் பிழைக்கவில்லை. அந்த வீடியோவை அதனால்தான் எடுத்தேன்," என்றார். அன்று வீட்டுக்கு வந்து வீடியோவை முதலிலிருந்து பார்த்தேன். நான் தள்ளிவிட்ட இடத்தில் ஒரு பெரியவர் மடியில் வெள்ளை நாய் தூங்குகிறது. அவர் எண்ணுகிறார், மருத்துவர் திருத்துகிறார், அவர் மறுபடி எண்ணுகிறார். இரண்டு நிமிடம்கூட இல்லை.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் திணறுவது தெரிந்தது. மூன்று நாளில் சாப்பிட ஆரம்பித்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் கஷ்டம் என்று வைண்டரிடம் மறைக்காமல் சொன்னேன். மூன்று நாளும் மதியம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எண்ணுவார், நான் எண்ணுவேன், இருவருக்கும் ஒரே எண் வரும். இருபத்திரண்டு, இருபத்தொன்று. நாய் தண்ணீரை மட்டும் நக்கிவிட்டுச் சாக்குக்குத் திரும்பும். மூன்றாம் நாள் மகள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

நாலாம் நாள் நான் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டீக்கடை பன்னு தின்னான் சார்."

"எவ்வளவு தின்னான்?"

"பாதி. மீதி இன்னாத்துக்கு வீணாப் போவணும்னு நான் தின்னுட்டேன்." கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. "நீங்க வாங்க சார். பன்னு இன்னொண்ணு வாங்கி வக்கிறேன்."