கெட் டவுன் என்றால் இறங்கு

கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் ஒரு தகரக் கூம்பைக் கொடுத்தார்கள். குறுகிய முனையில் உதட்டை வைத்துக் கத்தினால், குரல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை போகும். வெயிலில் தகரம் சுட்டு உதட்டோரம் கொப்புளம் கண்டுவிடும். அதனால் முனையில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி வைத்திருந்தேன். அந்தக் கூம்பில் நான் கத்திய ஒரு சொல்லைப் பற்றியும், பிறகு கூம்பு இல்லாமல் ஓர் அறைக்குள் தணிந்த குரலில் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றியும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அது யுத்த காலம். ஆவடிப் பக்கம் பொட்டலாகக் கிடந்த நிலத்தில் ராணுவக் கிடங்குகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் குடும்பம் நசரத்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்தது. பூந்தமல்லியில் படித்து முடித்த எனக்கு இங்கிலீஷ் தெரிந்தவன் என்று ஊரில் பெயர். ஒரு கிடங்கில் ரைட்டர் வேலை கிடைத்தது. எழுதுவது கொஞ்சம், கத்துவதுதான் அதிகம். வேகனிலிருந்து சாமான் இறக்கும் இடத்தில் வெள்ளைக்கார சார்ஜண்டு கட்டளையிடுவார். அதே மூச்சில் நான் அதைத் தமிழில் கத்த வேண்டும். மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் அதன்படி செய்ய வேண்டும்.

மேஸ்திரி கோவில்பதாகைக்காரர். அவருடைய அப்பா காலம் வரை மற்றவர்கள் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அவருக்கு என் அப்பாவின் வயது இருக்கும். ஆனாலும் நான் அவரை "நீ" என்றேன், அவர் என்னை "நீங்க" என்றார். அன்று அது எனக்கு உறுத்தவில்லை. அவருக்கு உறுத்தியதா என்று எனக்குத் தெரியாது. குட்டையான, அகலமான மனிதர். எந்த லாரியில் பாரம் ஏற்றினாலும் அதன் உச்சியில் நின்றுகொண்டுதான் வேலை வாங்குவார். கீழே நின்றால் ஆட்கள் தன் தலையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பார்.

ஆங்கிலக் கட்டளைகளின் சூட்சுமத்தை நான் பள்ளிக்கூடத்திலேயே கற்றுவிட்டதாக நினைத்திருந்தேன். நம் மொழியில் அசைவு வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏறு, இறங்கு, நுழை, விலகு, திரும்பு. ஒவ்வொன்றும் தனி ஆள். ஆங்கிலத்தில் கெட் என்றோ கோ என்றோ ஒரு பொதுச்சொல்லை முன்னால் விட்டு, எந்தப் பக்கம் போவது என்பதைப் பின்னால் வரும் துண்டுச்சொல்லிடம் விட்டுவிடுகிறார்கள். அப், டவுன், இன், ஆஃப், ஓவர். இவற்றை நாங்கள் வாய்ப்பாடு போல ஒப்பித்திருந்தோம். கெட் டவுன் என்றால் இறங்கு. மரத்திலிருந்து, வண்டியிலிருந்து, குதிரையிலிருந்து. இன்றைக்கும் பஸ்ஸில் நாம் அப்படித்தான் சொல்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் இதை ஆட்களுக்கு விளக்கினேன். என் படிப்பைக் காட்டிக்கொள்ளும் ஆசைதான். மேஸ்திரி சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னா ரைட்டரே, வெள்ளக்காரன் ஊட்ல இந்த கெட்டுன்றவன் ஒருத்தன்தான் வேலைக்காரனா? அவனேதான் ஏறணும், அவனேதான் எறங்கணும், உள்ள போவணும், வெளிய போவணும்?"

"ஆமா" என்றேன்.

"பாவம்யா அவன். நம்ம கேங்குல சேத்துக்கலாம்."

"வாணாம் மாமே, அவன் வந்தா நம்ம எல்லாத்தையும் ஊட்டுக்கு அனுப்பிடுவான்" என்றான் ஓர் ஆள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் வந்த துண்டுச்சொற்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலை. மரப்பெட்டிகள் அடுக்கிய லாரியின் உச்சியில் வழக்கம்போல மேஸ்திரி நின்றிருந்தார். பக்கத்தில் கிரேன் ஓர் இரும்பு உத்தரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. சங்கிலி ஒரு பக்கம் வழுக்க, உத்தரம் திரும்பி அவர் முதுகை நோக்கி வீசிக்கொண்டு வந்தது. அவர் பார்க்கவில்லை. சார்ஜண்டு "கெட் டவுன்! கெட் டவுன்!" என்று அலறினார். நான் கூம்பை வாயில் வைத்து, "மேஸ்திரி, எறங்கு! எறங்கு!" என்று கத்தினேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அத்தனை உயரத்திலிருந்து அப்படியே குதித்தார். கீழே தண்டவாளத் துண்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். வலது கால் அந்தக் குவியலுக்குள் இறங்கி முழங்காலுக்குக் கீழே முறிந்தது. உத்தரம் பெட்டிகளுக்கு மேலே, ஒரு மனிதன் குப்புறப் படுத்திருந்தால் முதுகைத் தொடாத உயரத்தில், சும்மா போய்விட்டுத் திரும்பி வந்தது.

சார்ஜண்டு ஓடி வந்தார். "டவுன் என்றேன்! ஆஃப் என்றா சொன்னேன்?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நின்ற இடத்திலேயே தாழ்ந்துகொள், படு என்று அவர் சொல்லியிருக்கிறார். லாரியை விட்டு இறங்கு என்றால் கெட் ஆஃப் என்றிருப்பார். சார்ஜண்டுக்குத் தமிழ் தெரியாது. ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் என்ன கத்தினேன், எதற்குப் பதிலாகக் கத்தினேன் என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கால் ஓரளவு கூடிய பிறகு விசாரணை வைத்தார்கள். கட்டளைப்படி நடந்து அடிபட்டவன் என்றால் காவல் வேலையாவது கொடுத்து வைத்துக்கொள்வார்கள். கட்டளையை மீறினான் என்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரி இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். விசாரித்த கேப்டன் அதட்டாத மனிதர். ஏன் குதித்தான் என்று கேட்டுச் சொல் என்றார். நான் கேட்டேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்து, கேப்டனுக்காகச் சற்று உரக்கவே சொன்னார். "ரைட்டரு எறங்குன்னாரு, எறங்கினேன். அவரு சொன்னா தொரை சொன்ன மாதிரிதானே? வேற இன்னா, எனக்கு இன்னா பைத்தியமா அங்கேர்ந்து குதிக்க?"

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: "பயந்துவிட்டானாம் சார். ஹி ஜம்ப்ட் ஆஃப்."

அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆஃப் என்ற அந்தத் துண்டு சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது. படு என்றேன், அவனாகக் குதித்துவிட்டான் என்று சார்ஜண்டு சொன்னதோடு பொருந்திப்போயிற்று. கேப்டன் தலையை ஆட்டினார். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து மேஸ்திரி முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் கும்பிடு போட்டார்.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். "நான் சொல்லிப் பார்த்தேன், தொரை ஒத்துக்கல" என்று வாசலில் அவரிடம் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். போயிருந்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற பெயர் கெட்டிருக்கும். அவ்வளவுதான். அந்தப் பெயருக்காகத்தான் செய்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வேப்பம்பட்டு ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தேன். யாரோ "ரைட்டரே!" என்றார்கள். வேப்ப மரத்தடியில் கோலோடு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். மகளை அந்த ஊரில் கொடுத்திருந்தார், அங்கேயே தங்கிவிட்டாராம்.

"நல்லாகீறீங்களா? ஒடம்பு போட்டுட்டீங்க."

"நல்லாருக்கேன். நீ எப்படி இருக்கே?"

"கீறேன். இந்தக் காலுதான் கூட வரமாட்டேன்னுது. அத்த இஸ்துகினு போறேன்." சிரித்தார். பிறகு பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். "ஒண்ணு கேக்கணும். என் மருமவன் நம்ம கெடங்குலதான் சேந்துகீறான். கெட் டவுன்னா எறங்குன்னுதானே? அப்டித்தான் சொல்லி வெச்சிகீறேன்."

ஆமாம் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. அந்தப் பையனும் ஒருநாள் ஏதாவது ஒரு லாரியின் மேல் நிற்பான் என்பது நினைவுக்கு வந்தது.

"எறங்குன்னும் அர்த்தம். தலைக்கு மேல ஏதாவது வந்தா, படுன்னு அர்த்தம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

அவர் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். "அப்ப, அன்னிக்கி?"

"அன்னிக்கு சார்ஜண்டு படுன்னுதான் சொன்னான். எனக்கு அப்போ தெரியல, மேஸ்திரி."

அவர் கோலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஒரே சொல்லுல ரெண்டு வேலை வெச்சா மன்சன் இன்னா பண்ணுவான்? போவட்டும் வுடுங்க. தெரிஞ்சா செஞ்சீங்க? அப்பால தொரை எதுர்ல நான் சொன்னத அப்டியே எடுத்துச் சொன்னீங்களே, அத்த நான் மறக்கல. அவன் நம்பல. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

அவர் மன்னித்தது தெரியாமல் செய்ததை. தெரிந்து செய்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை மேஸ்திரி, நான் அப்படிச் சொல்லவில்லை என்று தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் தமிழிலேயே இருந்தன. அவருக்கும் எனக்கும் நடுவில் எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. வண்டி வரும் சத்தம் கேட்டது.

"ஏறுங்க ரைட்டரே, எடம் பூடும்" என்றார்.

நான் ஏறிக்கொண்டேன்.