ஒரு டம்ளர் நித்தியகல்யாணி

என் அத்தையை வீட்டில் எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். ஆனால் அவர் பார்க்கும் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். தாவர மருந்து ஆய்வகம் ஒன்றில் உதவியாளர். உலர்ந்த பூக்களை இடித்து எரிசாராயத்தில் ஊறவைத்து, வடித்து, ஆவியாக்கி, குடுவையின் அடியில் ஒட்டும் பசையைச் சுரண்டி எடுப்பார். அந்தப் பசையில் எத்தனையோ பொருள்கள் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்து, எது நோயை எதிர்க்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எதுவும் எதிர்ப்பதில்லை.

"இருபது வருஷமா பூவைத்தான் சாகடிச்சிருக்கேன். ஒரு கிருமி செத்தபாடில்ல" என்பார்.

அப்பாவின் கழுத்தில் இருந்த கட்டி நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மருந்து ஏற்ற மருத்துவமனையில் தேதி கொடுத்திருந்தார்கள். அப்பா போகமாட்டேன் என்றார். அவர் பள்ளி வேன் ஓட்டுநர். கூட வேலை பார்த்த ஒருவர் மருந்து ஏற்றிய பிறகு விரல்கள் மரத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறார். அதனால் மதில் ஓரம் மண்டிக் கிடந்த நித்தியகல்யாணியை இலையும் பூவுமாக மிக்சியில் அடித்து, காலையில் ஒரு டம்ளர் குடிக்கத் தொடங்கினார். அது புற்றுநோயைக் கரைக்கும் என்று போனில் யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"அண்ணே, அது விஷச் செடி."

"நீ நாள் பூரா இதையெல்லாம்தானே அரைக்கிற. வீட்டுல அரைச்சா மட்டும் விஷமா?"

அத்தை கூடத்தில் இரண்டு நடை நடந்தார். பிறகு, அண்ணனை மடக்கிவிடும் என்று நம்பி அதைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில உனக்கு ஏத்தப்போற மருந்துல ஒண்ணு இந்தச் செடியிலேர்ந்துதான் எடுக்கிறாங்க. இப்பவாவது போறியா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மாவைப் பார்த்தார். "கேட்டியா? நம்ம மதில்ல இருக்கிறதத்தான் அவங்க பாட்டில்ல அடைச்சு வச்சிருக்காங்க. நாளையிலேர்ந்து ரெண்டு டம்ளராப் போடு."

"ரொம்ப நல்லா எடுத்துச் சொன்னம்மா" என்றாள் அம்மா அத்தையிடம். அத்தை வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார்.

மறுநாள் காலை இரண்டாவது டம்ளரை அத்தை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டார்.

"என்ன, நீயும் குடிக்கப்போறியா?"

"ஆமா. எங்க ஆபீஸ்ல ஆளுக்கு ஒரு வாய்."

சாயங்காலம் போனில் ஒரு படத்தோடு வந்தார். ஊதா வெளிச்சத்தில் வைத்த சின்னத் தகடு ஒன்று, அதன் மேல் சாற்றில் கலந்திருந்தவை தனித்தனியாகப் பிரிந்து புள்ளிகளாக ஏறியிருந்தன.

"ஓரத்துல தனியா ஒரு புள்ளி இருக்கு பாரு. அது சுத்தமான மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க வச்சது. இந்தப் பக்கம் உன்னோட டம்ளர். அதுல மருந்து இருந்தா அதே உயரத்துல ஒரு புள்ளி விழணும்."

அப்பாவின் சாறு வைத்த பக்கம், அந்தப் புள்ளியின் உயரத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலும் கீழும் வேறு புள்ளிகள் பள்ளி விட்ட நேரத்து வேன்கள் மாதிரி முண்டியடித்தன.

"அது எங்க?"

"இருந்தாலும் கண்ணுக்குத் தெரியற அளவு இல்ல. ஒரு லாரி இலையிலேர்ந்து ஒரு சிட்டிகை வந்தா பெரிசு."

"அப்ப இதெல்லாம் என்ன?"

எல்லாமே விஷம் என்று அத்தை சொல்லியிருக்கலாம். அப்பா நம்பியிருப்பார். "சிலது ரத்தத்தைக் கெடுக்கும்னு தெரியும். மிச்சம் என்னன்னு எனக்குத் தெரியாது, அண்ணே."

"இருபது வருஷமா பார்க்கறேங்கிற, தெரியாதுங்கிற."

"தெரியாது."

அப்பா படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், போனைத் தலைகீழாகத் திருப்பினார். "உனக்கே தெரியாததையா நான் வெறும் வயித்துல குடிச்சிட்டிருக்கேன்" என்று போனைத் தள்ளி வைத்தார்.

அடுத்த நாள் மிக்சி ஓடவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றும் அவர் சொல்லவில்லை. கேட்டால் வீம்புக்கு மறுத்துவிடுவாரோ என்று அத்தையும் கேட்கவில்லை. காய்ந்த துணிகளை மடித்தார், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். குறித்த நாள் காலையில் அப்பா வேன் ஓட்டும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "யாராவது வர்றீங்களா, இல்ல நானே போகட்டுமா?" என்றார்.

மருந்து ஏற்றும் அறையில் நர்ஸ் வரிசையாகக் கேள்விகள் கேட்டாள். சர்க்கரை உண்டா, மாத்திரை ஒத்துக்கொள்ளுமா.

"வேற ஏதாவது கஷாயம், பச்சிலை?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றாள் அம்மா அவசரமாக.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார். உண்மையைச் சொன்னால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள், அந்தச் சாக்கில் அண்ணன் எழுந்து போய்விடலாம். சொல்லாவிட்டால் அந்தச் சாற்றின் மேல் இந்த மருந்தும் ஏறும். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"குடிச்சேன். நித்தியகல்யாணிச் சாறு. போன வாரம் வரைக்கும்."

நர்ஸ் பேனாவை மூடினாள். "அப்ப உடனே ஏத்த மாட்டோம் ஐயா. முதல்ல ரத்தத்தைப் பார்க்கணும். வெள்ளை அணு குறைஞ்சிருந்தா தள்ளித்தான் போடணும்."

"பார்த்தியா" என்றார் அப்பா அத்தையிடம். "உண்மையைச் சொன்னா சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க." சொல்லிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார்.

முடிவு வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். வீட்டுக்குப் போய்விட்டு வரலாமா என்று அம்மா கேட்டாள்.

"போனா நான் திரும்பி வர மாட்டேன்" என்றார் அப்பா. "இங்கேயே இருப்போம்."