ஒரு பல் தள்ளி நின்ற டைமிங் பெல்ட்

1. வண்டி மேடு ஏறவில்லை

"ஏனுங்க அம்மணி, நீங்க பெல்ட் மாத்திப்போட்டுப் போனதுல இருந்து வண்டி மேடே ஏற மாட்டேங்குதுங்க."

போனில் பேசியது தொண்டாமுத்தூர் ஈஸ்வரி அக்கா. வீடு தேடிப் போய் கார் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் நான் மெக்கானிக். ஆபீஸ் பீளமேட்டில். பத்து நாளுக்கு முன்னால் அக்காவின் பழைய டீசல் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றியது நான்தான். கூட யாரும் இல்லாமல் நான் தனியாகச் செய்த முதல் டைமிங் பெல்ட் வேலை அது.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பெல்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க்கா. டீசல்ல தண்ணி கலந்திருக்கும். எந்த பங்க்ல போட்டீங்க?" என்று கேட்டேன்.

அக்கா அன்றைக்குச் சாயங்காலமே பங்க்குக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். டீசல் ஃபில்டரும் மாற்றியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்.

"ஃபில்டர் மாத்தியாச்சுங்க. இன்னும் காலைல நாலு தடவ செல்ஃப் அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுது. புகை கருப்பா வருதுங்க. வெள்ளிக்கிழமை வால்பாறை போயி எம்புள்ளையக் கூட்டிட்டு வரோணும். வயித்துல ஏழு மாசமுங்க அவளுக்கு."

வால்பாறைப் பாதை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அந்த ஊர்க்காரி. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள், இன்றைக்கும் சம்பளத்துக்குக் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆட்டோமொபைலில் டிப்ளமா முடித்திருக்கிறேன். அதை எங்கேயும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். நாற்பது கொண்டை ஊசி வளைவையும் எத்தனையோ தடவை பஸ்ஸில் ஏறி இறங்கியிருக்கிறேன். இறங்கும்போது இன்ஜின் நின்றுபோனால் பிரேக் மிதி எப்படிக் கல்லாகிப் போகும் என்பதும் தெரியும்.

"நாளைக்குக் காலைல வாரேனுங்க்கா. அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றேன்.

2. கழற்றிப் பார்த்தது

இந்தத் தொழிலுக்கு வரப்போகும் பெண்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த ரப்பர் பட்டை. கீழே பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க்கையும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேமையும் அது சேர்த்துச் சுற்றவைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பெல்ட் ஒரு பல் தள்ளிப் போனால் வால்வுகள் நேரம் தப்பித் திறக்கும். வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், புகை தள்ளும். இன்னும் இரண்டு மூன்று பல் தாண்டினால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்புறம் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை போர்டிகோவில் அக்காவும் அவர் வீட்டுக்காரர் சண்முகம் அண்ணனும் காத்திருந்தார்கள்.

"இந்தத் தடவையாச்சும் ஓடுமுங்களா, இல்ல மாட்டப் பூட்டிறலாமுங்களா?" என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. அம்மணி படிச்ச புள்ள, பாத்துக்கும்" என்றார் அக்கா.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். வலது முன் சக்கரத்தைக் கழற்றினால் கிராங்க் போல்ட் கைக்கு எட்டும். பெல்ட்டின் மேல் மூடியையும் எடுத்துவிட்டு, அந்த போல்ட்டில் சாக்கெட் ஸ்பானர் போட்டு இன்ஜினைக் கையாலேயே சுற்றினேன். எப்போதும் இன்ஜின் சுற்றும் திசையில்தான் சுற்ற வேண்டும், பின்னால் சுற்றக்கூடாது. கிராங்க்கிலும் கேமிலும் ஒவ்வொரு அடையாளக் கோடு இருக்கும், அதுதான் மார்க்; இரண்டும் ஒரே நேரத்தில் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். கிராங்க் மார்க் அதன் இடத்தில் வந்து நின்றது. டார்ச் அடித்து மேலே பார்த்தேன். கேம் மார்க் ஒரு பல் பின்னால் நின்றது.

இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். அதே ஒரு பல்.

பெல்ட்டை விறைப்பாகப் பிடித்திருக்கும் டென்ஷனரின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. பெல்ட்டில் கீறல் இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு பல்கூடத் தேயவில்லை. ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா என்று தேடினேன். எதுவும் கெடவில்லை.

3. பத்தரை மணி

தப்பு எங்கே நடந்தது என்று அங்கேயே நினைவு வந்துவிட்டது. நான் பெல்ட் மாற்றிய நாள் வெள்ளிக்கிழமை. பெல்ட்டை மாட்டி டென்ஷனரை இறுக்கியபோது மணி பத்து இருபது. சண்முகம் அண்ணன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"அம்மணி, பத்தரைக்கு ராகு காலமுங்க. அதுக்குள்ள ஒரு ஸ்டார்ட் போட்டுருங்க."

பெல்ட் மாட்டியதும் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க் மறுபடியும் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். காலேஜில் எழுதிய பரீட்சையிலேயே அது ஒரு கேள்வி, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் கொஞ்சம் தொய்வாக உட்கார்ந்திருந்தால், நிற்கும்போது மார்க் சரியாகவே தெரியும். சுற்றும்போதுதான் அந்தத் தொய்வு மறுபக்கம் போய், கேம் ஒரு பல் பின்தங்கும். நான் சுற்றவில்லை. மார்க் சரியாகத் தெரிந்தது, மூடிவிட்டேன். பத்து இருபத்தெட்டுக்கு ஸ்டார்ட் செய்தேன். அண்ணன் கும்பிட்டார்.

4. சொல்லலாமா வேண்டாமா

தென்னந்தோப்புப் பக்கம் போய் மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டென்ஷனர் ஃபால்ட்டுன்னு சொல்லிரும்மா. வாரண்டில புதுசு போட்டுத் தர்றோம்னு சொல்லு, சந்தோசமா வாங்கிக்குவாங்க. உன் தப்புன்னு அவங்க ரிவ்யூ போட்டா உனக்குத் தனி ஜாப் குடுக்கறது கஷ்டம். பாத்துக்க."

தனி ஜாப் கிடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. "பொண்ணு டூல் எடுத்துக் குடுத்தாப் போதும்" என்று சொன்ன கஸ்டமர்களைத் தாண்டி வந்து வாங்கியது. அதை நினைத்துக்கொண்டே போர்டிகோவுக்குத் திரும்பினேன். அக்கா மோர் கொண்டுவந்து நீட்டினார்.

"என்ன கண்ணு, டீசல்தானுங்களே?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் டென்ஷனர் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

"இல்லீங்க்கா. டீசல் நல்லாத்தான் இருக்குது. பெல்ட்ட நான்தான் ஒரு பல் தள்ளி மாட்டிட்டேன். அன்னிக்கு சுத்திப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

சண்முகம் அண்ணன்தான் முதலில் சொன்னார்: "நாந்தானுங்க அவசரப்படுத்திப்போட்டேன்."

பிடித்துக்கொள்ள நல்ல கொம்பு. ஆனால் அது உண்மை இல்லை. "நீங்க நேரந்தானுங்கண்ணா சொன்னீங்க. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்? நான் வாயத் தொறக்கலையே" என்றேன்.

அக்கா மோர் டம்ளரைத் திண்டில் வைத்தார். "அந்த பங்க்குல வேலை செய்யற பொம்பளைய நான் என்ன பேச்சு பேசிப்போட்டேன்னு தெரியுமுங்களா? தண்ணி ஊத்திப் பொழைக்கறீங்களான்னு கேட்டேன், நாலு பேரு நிக்கறப்ப. நீங்க சொன்னீங்கன்னு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெல்ட்டைக் கழற்றினேன். மார்க்குகளைச் சேர்த்து, டென்ஷனர் இல்லாத பக்கத்தை முதலில் விறைப்பாக உட்காரவைத்து, அப்புறம் மறுபக்கம் மாட்டி, டென்ஷனரை இறுக்கினேன். சாக்கெட்டைப் போட்டுச் சுற்றப் போகும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"குடுங்க. நான் சுத்தறேன்."

நான் திசையைக் காட்டினேன். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து இரண்டு முழுச் சுற்று சுற்றினார். கிராங்க் மார்க் நின்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மேலே டார்ச் அடித்துக் காட்டினேன். இரண்டு மார்க்கும் அதனதன் இடத்தில் நின்றன.

"இதுக்கு எவ்வளவு நேரமுங்க ஆச்சு?"

"ரெண்டு நிமிசமுங்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "வண்டிய எடுங்க, பங்க்குக்குப் போலாம்" என்றார்.

வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது. மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறியது, புகை இல்லை. பங்க்கில் அந்தப் பெண்ணிடம் போய், டீசலில் தண்ணீர் என்று சொன்னது நான்தான், கோளாறு என் வேலையில்தான் என்றேன். அவர் அக்காவை ஒரு தடவை, என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரை ஒரு தடவை பார்த்தார்.

"தப்பு யாரு மேலன்னு கண்டுபுடிச்ச வரைக்கும் சந்தோசமுங்க. எத்தனைக்குப் போடோணும்?"

"ஃபுல் பண்ணுங்க. வால்பாறை போறோம்" என்றார் அக்கா.

நடந்ததை மேனேஜரிடம் அப்படியே சொன்னேன். அவர் எச்சரித்தபடியே மூன்று மாதம் எனக்குத் தனி ஜாப் தரவில்லை. சீனியர்களுக்கு டூல் எடுத்துக் கொடுத்தேன். பங்க்குக்குப் போன மறுநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அண்ணன்தான் போன் செய்தார்: "ஆழியாறு எறங்கியாச்சுங்க. புள்ள பின்னாடி தூங்குது."

படிக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நேரம் பார்க்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் வேலை ஆரம்பிக்கும் முன்பே நானே கேட்டுவிடுகிறேன், "ராகு காலம் எப்பங்க?" என்று. அதற்குள் முடியாது என்று தெரிந்தால், ராகு காலம் கழிந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பெல்ட் மாட்டியதும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, சாக்கெட்டை அவர் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்கிறேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் கை அழுக்காகும் என்பார்கள். இருந்தாலும் அவர்கள் சுற்றி முடித்து, இரண்டு மார்க்கையும் அவர்கள் கண்ணால் பார்க்கும்வரை நான் மூடியைக் கையில் எடுப்பதில்லை.