துசாந்தனுக்காகப் பெருப்பித்த எழுத்து

கலாஜினி வருவதற்கு முன் எங்கள் பயிற்சி நிலையத்தின் இணையவழிப் பாடங்களைப் படித்தவர்கள் பாவம். சிங்களப் பாடம் எழுதுகிற நான் தலைப்புகளுக்கெல்லாம் சிவப்பு அடித்தேன். பக்கத்து மேசைக்காரர் மஞ்சள் பூசினார். மாணவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்று கூட்டம் வைத்துத் தேநீர் குடித்தோம்.

கல்லடியிலிருந்து வந்த இந்தப் பெண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு ஸ்டைல் ஷீட் எழுதினாள். எழுத்தின் அளவு, நிறம், வரிகளுக்கு இடையில் விடும் வெளி எல்லாம் அந்த ஒரு கோப்பில் இருக்கும். அங்கே ஒன்றை மாற்றினால் எல்லாப் பாடங்களும் ஒரேயடியாக மாறிவிடும். பிறகு மலிவான கைத்தொலைபேசி ஒன்றோடு வாவிக்கரைக்குப் போய் உச்சி வெயிலில் வாசித்துப் பார்ப்பாள்.

“ஏசி அறைக்குள்ள இருந்து ஆர் சேர் படிக்கிற?” என்பாள். வாய் கொஞ்சம் காரம்தான்.

துசாந்தன் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை மீனவன். இரவில் இறால் பிடிக்கப் போகிறவனுக்கு முதலில் இருட்டில் பார்வை போனது. போகப்போக முழுவதும் போய்விடும், மருந்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். “கண் போனாலும் வாய் இரிக்கும்தானே சேர்” என்று சிங்களம் படிக்க வந்தான். சான்றிதழ் எடுத்தால் தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை ஒன்று கிடைக்க இருந்தது. ஆனால் பரீட்சையைத் திரையில் தானே வாசித்து எழுத வேண்டும். பார்வை இருக்கும்போதே முடித்தாக வேண்டும்.

வாசிக்கக் கஷ்டம் என்று அவன் சொன்னதும் கலாஜினி அவனுக்கென்றே தனி ஸ்டைல் ஷீட் ஒன்று எழுதி எழுத்தைப் பெருப்பித்தாள். கொஞ்ச நாளில் இன்னும் பெருப்பித்தாள்.

“இப்ப நல்லமா?”

“ஓம் மிஸ், நல்லம். பெரிய உதவி.”

ஆனால் பாடங்கள் தேங்கிக்கொண்டே போயின. நேரில் பார்ப்போம் என்று மண்முனைப் பாலம் கடந்து இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். முற்றத்துத் தென்னையில் தொலைபேசியைச் சாத்தி வைத்துவிட்டு, துசாந்தன் எட்டத்தில் குந்தியிருந்தான். தலையை மெல்ல மெல்லத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தான்.

“கிட்ட வெச்சா ரெண்டு எழுத்துக்கு மேல தெரியிதில்லையாம்” என்றாள் அவன் மனைவி இலட்சுமி.

கலாஜினிக்கு அப்போதுதான் விளங்கியது. அவனுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் நன்றாகத் தெரிந்தது. எழுத்துப் பெருக்கப் பெருக்க அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு சொல்கூட அடங்கவில்லை.

“ஏன் தம்பி என்னட்டச் சொல்லல்ல?”

“எனக்கெண்டு மினக்கெட்டுச் செய்து தாறீங்க. அதில போய்க் குறை சொல்ல ஏலுமா மிஸ்?”

அங்கேயே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து மடிக்கணினியைத் திறந்தாள். எழுத்தைச் சிறிதாக்கி, வரியைக் குறுக்கி, கறுப்பில் வெள்ளையாக மாற்றினாள். துசாந்தன் தொலைபேசியைக் கையில் எடுத்தான்.

“முழு வரியும் தெரியிது மிஸ்!” என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

திரும்பும்போது பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அழுதாள். “எப்பிடித் தெரியிது எண்டு ஒருக்காக் கேட்டிருந்தாப் போதும் சேர். நான் நல்லமா எண்டுதானே கேட்ட.”

பரீட்சைக்கு முன்பே நடுவில் இருந்த பார்வையும் மங்கிவிட்டது. வாசித்துக் காட்ட ஆள் வைக்க விதியில் இடமில்லை என்றார்கள் பரீட்சை நடத்துகிறவர்கள். கலாஜினி அவர்களோடு சண்டை பிடித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பரீட்சையன்று துசாந்தன் திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி வந்தான்.

இப்போது எங்கள் பாடங்களின் தலைப்பில், படிக்கிறவரே எழுத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான்கள் உண்டு. கலாஜினி வைத்தவை.

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக் கோயிலில் அவனைக் கண்டோம். இலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“படிப்பு நமக்குச் சரிவரல்ல அண்ணே. ஆனா கலாஜினி மிஸ் எண்டு ஒராள், எனக்கெண்டே எழுத்தெல்லாம் பெருப்பிச்சுத் தந்தவ. இந்தக் காலத்தில ஆர் அப்பிடிச் செய்வாங்க?”

கலாஜினி அவனுக்கு நேர் முன்னால், கையெட்டும் தூரத்தில் நின்றாள். இலட்சுமி கண்டுவிட்டு வாய் திறக்கப் போனாள். கலாஜினி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுச் சனத்துக்குள் நடந்தாள். துசாந்தன் இன்னும் அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.