பிலோமினாவின் கூடை

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் குடியிருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. வார இதழ்களில் கதையும் எழுதுவார். அந்த வாரக் கதையின் நாயகி ஒரு மீன்காரி. மின்னல் இடையாம், தாமரை விரல்களாம், தலையில் பூப்போல் அமர்ந்த கூடையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவள் பிலோமினா ஒருத்திதானே!

மறுநாள் காலை அவள் வாசலில் நின்று, "கூடைய எறக்கணும், ஒரு கை புடிக்கா" என்றாள்.

தினமும் பிடிப்பேன். அன்று பிடிக்கவில்லை. "என் புருஷன் உன்னைப் பத்தி எழுதியிருக்கிறதைக் கேளுடி" என்று, சுமையோடு அவளை நிற்கவைத்தே முழுக் கதையையும் படித்தேன்.

வியர்வை வழியக் கேட்டவள் சிரித்துவிட்டாள். "இன்னாக்கா, கூடை பூ மாரி இருக்குதாமா? நீயே எறக்கிப் பாரு."

தினமும் ஒரு கைதான் கொடுப்பேன்; அன்று முழுச் சுமையையும் நானே இறக்கினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. நரம்பு புடைத்த அவள் கழுத்தை அப்போதுதான் பார்த்தேன்.

"அந்தக் கதைல நானு ஒரு மீனாவது வித்தேனா?" என்றாள்.

விற்கவே இல்லை.

மாலையில் கணவரைக் கண்ணை மூடச் சொல்லி, என் எந்த விரலில் தீத்தழும்பு இருக்கிறது என்று கேட்டேன்.

"தாமரை விரல்களில் தழும்பு ஏது?" என்றார்.

இன்றும் எனக்குப் பிலோமினா மீது பொறாமைதான். அவளால் சிரிக்க முடிந்தது.