எட்டு மில்லி தண்ணீர்

அறுவடைக் கூலியை உயர்த்தச் சொல்லி எங்கள் தெருவே வேலை நிறுத்தத்தில் இருந்த சமயம். நர்ஸ் படிப்பிலிருந்து லீவுக்கு வந்திருந்த நான், காசநோய் ஊசி போட அம்மாவைக் கீழ்வேளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

கம்பவுண்டர் ஊசிமுனையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பாட்டிலில் இருந்த ஒரு கிராம் தூளை இரண்டு மில்லி தண்ணீரில் கரைத்து, முழுவதையும் போட வேண்டும். அவர் எட்டு மில்லி விட்டுக் குலுக்கி, அதில் இரண்டை மட்டும் சிரிஞ்சில் எடுத்தார்.

"சார், இதுல கால் பங்கு மருந்துதானே இருக்கு?" என்றேன்.

"மீதி உங்க தெரு ஆளுங்க மூணு பேருக்கு. கூலியும் கூட வேணும், மருந்தும் முழுசா வேணுமா?" என்று சிரித்தார்.

அம்மா இத்தனை மாதம் ரத்தமாகத் துப்பியது இதனால்தானா? பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவை வெளியே இழுத்து வந்தேன்.

அன்றிலிருந்து தெருவில் காசநோய் வந்த எல்லோருக்கும் மருந்தைப் பாட்டிலாகவே வாங்கி வந்து, நானே கரைத்து, அளந்து போட்டேன். அம்மா மெல்லத் தேறினாள். அதே கம்பவுண்டரிடம் ஊசி போட்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைக்கு மட்டும் காலம் கடந்திருந்தது. அத்தையின் சாவுக்கு அந்தக் கம்பவுண்டர் மாலையோடு வந்தார். அவர் நின்ற இடத்தைக்கூடக் கழுவிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு.